இரண்டு மறுப்புகள்

இராசபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூர் செல்லும் சாலையில் மாலை வேளையில் நடந்தவர்கள் அந்தக் காட்சியைக் கண்டிருப்பர். கோடையில் நீர் வற்றி வெடித்துக் கிடக்கும் கண்மாய்த் தரை. கோல் கம்பங்களுக்குப் பதிலாக இருபுறமும் இரண்டிரண்டு கற்கள். நடுவே ஒரு பழைய பந்து. அதன் பின்னே வெறுங்காலோடு ஓடும் இளைஞர் கூட்டம். பஞ்சாலையில் வேலை முடித்து வந்தவன் ஒருவன். தறியிலிருந்து எழுந்து வந்தவன் ஒருவன். பள்ளிப் பையைக் கரையில் எறிந்துவிட்டு வந்தவன் ஒருவன். ஆட்டம் முடிந்து, தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்ததும் பேச்சு கிளம்பும். அந்தக் கதையை எவரேனும் ஒருவர் சொல்லாமல் இரார்.

"1950இல் நம் நாடு உலகக் கோப்பையில் ஆடியிருக்க வேண்டும். நம்மவர்கள் வெறுங்காலோடு ஆடுவோம் என்றார்கள். வெள்ளைக்காரன் விடமாட்டேன் என்று சொல்லிவிட்டான்!"

கேட்பவர் நெஞ்சில் ஒரு பெருமிதம். கூடவே ஒரு பெருமூச்சு. வல்லவர்களாய் இருந்தோம், வஞ்சிக்கப்பட்டோம் என்ற எண்ணம். எத்துணை இனிய கதை! ஆனால், இனிப்பாய் இருப்பதாலேயே ஒன்று உண்மையாகிவிடுமா? இராசபாளையத்தில் ஒரு குன்று இருக்கிறது. சஞ்சீவி மலை என்று அதற்குப் பெயர். இலங்கைக்கு மலையைச் சுமந்து சென்ற அனுமன் கையிலிருந்து சிதறி விழுந்த துண்டு அது என்பார்கள். குன்றுக்கு அப்படிக் கதை கட்டியவர்களைப் பார்த்து நகைக்கும் நாம், கால்பந்துக்குக் கட்டிய கதையை மட்டும் கேள்வி கேட்காமல் விழுங்கலாமா? பகுத்தறிவு கோயில் வாயிலில் மட்டும் எடுத்துப் போடும் சட்டையன்று. விளையாட்டுத் திடலிலும் அதை அணிந்தே நிற்க வேண்டும்.

ஆகவே, கதையை ஒருபுறம் வைத்துவிட்டு வரலாற்றைப் பார்ப்போம், தோழர்களே!

வெறுங்கால் நமக்கு இழிவல்ல. ஒரு காலத்தில் அது நம் வீரத்தின் அடையாளமாகவே இருந்தது. 1911ஆம் ஆண்டு, சூலை 29ஆம் நாள். கல்கத்தா நகரில் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதி ஆட்டம். ஒருபுறம் ஈஸ்ட் யார்க்சயர் படைப்பிரிவின் வெள்ளையர் அணி. மறுபுறம் மோகன் பகான் என்னும் வங்காளியர் அணி. அந்தப் பதினொருவரில் பூட்ஸ் அணிந்தவர் சுதீர் சட்டர்ஜி ஒருவரே. மற்றப் பதின்மரும் வெறுங்காலினர். ஆட்டம் முடிந்தபோது இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றவர்கள் வெறுங்காலினரே. சிப்தாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் அடித்த அந்த இரண்டு கோல்கள், வெள்ளையன் பிறவியிலேயே வலியவன் என்ற மூடநம்பிக்கையின் முகத்தில் விழுந்த இரண்டு அறைகள்!

அதன்பின் முப்பத்தேழு ஆண்டுகள் உருண்டன. ஆங்கில ஆட்சி அகன்றது. 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் விடுதலை பெற்ற இந்தியாவின் அணி களம் இறங்கியது. அணித் தலைவர் யார் தெரியுமா? நாகர் மலையில் பிறந்து மருத்துவம் பயின்ற தாலிமெரன் ஆவோ. நாகரிகம் அறியாதவர் என்று சமவெளியில் இருந்தோர் ஏளனம் செய்த மலைவாழ் மக்களின் மகன் ஒருவன், நாட்டின் முதல் ஒலிம்பிக் கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கினான். சூலை 31ஆம் நாள் பிரான்சை எதிர்த்து அந்த அணி ஆடியது. பெரும்பாலோர் வெறுங்காலினர். பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி இராமன் ஒரு கோல் அடித்தார். கிடைத்த இரண்டு பெனால்டி வாய்ப்புகளும் வீணாயின. இறுதியில் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். தோற்றும் தலை குனியவில்லை, கண்டவர் வியந்தனர்.

இங்கே ஒரு கேள்வி: இலண்டனில் வெறுங்காலோடு ஆடினோமே, எவர் தடுத்தார்?

இனி 1950க்கு வருவோம். அந்த ஆண்டு உலகக் கோப்பை பிரேசில் நாட்டில் நடந்தது. ஆசியப் பகுதியில் இந்தியாவோடு போட்டியிட வேண்டிய பர்மா, பிலிப்பைன்சு, இந்தோனேசியா ஆகியவை விலகிக்கொண்டன. ஓர் ஆட்டமும் ஆடாமலேயே இந்தியாவுக்கு வாசல் திறந்தது. சுவீடன், இத்தாலி, பராகுவே ஆகிய நாடுகளோடு ஒரே பிரிவில் இந்தியாவின் பெயரும் எழுதப்பட்டது. பயணச் செலவில் பெரும்பகுதியைத் தானே ஏற்பதாகப் பிரேசில் முன்வந்தது. அழைப்பு வந்தது, இடம் வந்தது, பணமும் வந்தது. நாம்தான் போகவில்லை.

ஏன்? பயிற்சிக்குக் காலம் போதவில்லை, அணியைத் தேர்வதில் கருத்து வேறுபாடு என்று கூட்டமைப்பினர் காரணம் கூறினர். அவற்றின் அடியில் இன்னொரு காரணம் இருந்தது. ஒலிம்பிக்தான் பெரிது, உலகக் கோப்பை பொருட்படுத்தத் தக்கதன்று என்று அந்நாளைய பொறுப்பாளர்கள் எண்ணியிருந்தனர். வாசலில் வந்து நின்றதன் மதிப்பு அவர்களுக்குத் தெரியவில்லை.

வெறுங்காலைத் தடுத்தார்கள் என்ற கதை எங்கே நிற்கும்? ஒரே ஒரு சான்று போதும். 1950க்கு இரண்டு ஆண்டு கழித்து, 1952இல், ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோசுலாவியாவை எதிர்த்து இந்தியா ஆடியது. குளிர் நடுக்கும் அந்த மண்ணிலும் நம் வீரர்களில் சிலர் வெறுங்காலோடுதான் ஆடினர். பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றோம். அதற்குப் பின்னரே நம் கூட்டமைப்பு, இனிப் பூட்ஸ் அணிந்தே ஆட வேண்டும் என்று தானாக முடிவு செய்தது. 1950இல் வெறுங்காலுக்காக நம்மைத் துரத்திய உலகம், 1952இல் அதே வெறுங்காலை வரவேற்றதா? கதை கட்டியவர் இதற்கு விடை சொல்லட்டும்!

கதை ஏன் பிறந்தது என்பதும் விளங்காத புதிரன்று. 'எனக்குத் தெரியவில்லை, கவனிக்கத் தவறினேன்' என்று ஒப்புக்கொள்வது கசப்பு. 'என்னைத் தடுத்துவிட்டார்கள்' என்பது இனிப்பு. நம் அறியாமையை மறைக்க அயலானின் அநீதியைத் துணைக்கு அழைத்துக்கொள்கிறோம். அயலான் அநீதி செய்ததே இல்லை என்றா சொல்கிறோம்? இல்லை. உண்மையான அநீதியும் நடந்தது. ஆனால் அது நடந்தது வேறோர் ஆண்டில். அதற்கு இலக்கானவர்கள் வேறோர் கண்டத்தார். அதற்கு அவர்கள் அளித்த விடையும் வேறு. அதை அறிய மேற்கு ஆப்பிரிக்கா செல்ல வேண்டும்.

அங்கேயும் கதை வெறுங்காலில்தான் தொடங்குகிறது. 1949இல் நைஜீரியாவிலிருந்து பதினெட்டு வீரர்கள் கப்பலேறி இங்கிலாந்து சென்று, அங்கிருந்த தொழில்முறை சாராத கழகங்களோடு ஒன்பது ஆட்டங்கள் ஆடினர். பெரும்பாலோர் பூட்ஸ் அணியவில்லை. 1951இல் பக்கத்து நாட்டார் சென்றனர். அந்த நாட்டுக்கு அன்று தங்கக் கடற்கரை என்று பெயர். மண்ணில் தங்கம், மக்கள் கழுத்தில் நுகத்தடி. ஈரத் தரையிலும் குளிரிலும் வெறுங்காலோடு ஆடிப் பல ஆட்டங்களில் தோற்றுத் திரும்பினர். அந்த அணியில் சி. கே. ஜியாம்ஃபி என்றோர் இளைஞர் இருந்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1957ஆம் ஆண்டு மார்ச்சு 6ஆம் நாள் தங்கக் கடற்கரை விடுதலை பெற்று, கானா என்னும் புதுப் பெயர் பூண்டது. குவாமே நிக்ரூமா தலைமை ஏற்றார். புதிய கொடியின் நடுவே ஒரு கருப்பு விண்மீன். அது எங்கிருந்து வந்தது? ஜமைக்காவில் பிறந்த மார்க்கஸ் கார்வி, கருப்பின மக்களே உரிமையாளராய் நடத்த வேண்டுமென்று 1919இல் தொடங்கிய கப்பல் நிறுவனத்தின் பெயர் 'கருப்பு விண்மீன்'. அடிமைகளாய்க் கப்பலில் அடைத்துக் கொண்டு போகப்பட்டவர்களின் வழிவந்தவன், தன் இனத்தாருக்கென்று கப்பல் விடக் கண்ட கனவு அது. கப்பல் நிறுவனம் நொடித்தது, கனவு நொடியவில்லை. கொடியில் ஏறியது. கொடியிலிருந்து இறங்கிக் கால்பந்து அணியின் பெயராயிற்று: 'கருப்பு விண்மீன்கள்'!

கருமை இழிவு என்று பல நூற்றாண்டுகளாய்ச் சொல்லப்பட்ட மக்கள், அந்தக் கருமையையே பெயராய்ச் சூட்டிக்கொண்டு உலகின் முன் நின்றனர். இதன் பொருளைத் தமிழ்நாட்டு இளைஞருக்கு நாம் விரித்துரைக்க வேண்டுமா?

பெயர் சூட்டியதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 1958இல் உலகக் கால்பந்துக் கழகமான ஃபிஃபாவில் கானா உறுப்பு நாடாயிற்று. ஓஹெனே ஜான் என்பார் விளையாட்டுத் துறையின் பொறுப்பேற்று அணியைக் கட்டினார். அயல்நாட்டு அணிகளை அழைத்து ஆடச் செய்தனர். 1962இல் ஐரோப்பாவின் பெரும்புகழ் வாய்ந்த ரியல் மாட்ரிட் அணி அக்ரா நகருக்கு வந்து கானாவோடு ஆடியது. மும்மூன்று கோல்கள்; வெற்றி தோல்வி இல்லை. 1951இல் வெறுங்காலோடு இங்கிலாந்து சென்ற ஜியாம்ஃபி, 1960இல் செருமனியின் டுஸல்டார்ஃப் நகர அணியில் ஆடிக் கலை கற்றுத் திரும்பினார். தம் நாட்டு அணிக்கே பயிற்சியாளர் ஆனார். அவர் பயிற்சியில் 1963இல் சூடானை மூன்றுக்குச் சுழியம் என்று வென்று கானா ஆப்பிரிக்கக் கோப்பையைக் கைப்பற்றியது. 1965இல் துனிசியாவை அதன் மண்ணிலேயே மூன்றுக்கு இரண்டு என்று வென்று மீண்டும் கோப்பையைக் கொணர்ந்தது.

இந்த நிலையில் வந்தது 1966 உலகக் கோப்பை. இடம் இங்கிலாந்து. ஆட வேண்டிய அணிகள் பதினாறு. ஃபிஃபா பங்கு பிரித்த அழகைப் பாருங்கள். போட்டி நடத்தும் இங்கிலாந்து உட்பட ஐரோப்பாவுக்குப் பத்து இடங்கள். தென்னமெரிக்காவுக்கு நான்கு. வட, நடு அமெரிக்கப் பகுதிக்கு ஒன்று. எஞ்சியது ஒன்றே ஒன்று. அது ஆப்பிரிக்கா, ஆசியா, ஓசியானியா ஆகிய மூன்று பகுதிகளுக்கும் சேர்த்து! ஆப்பிரிக்காவில் முதலாவதாய் வந்தவன், ஆசியாவில் முதலாவதாய் வந்தவனோடு மோதி, அதன் பிறகே உள்ளே நுழையலாம். நிறவெறி கொண்ட தென்னாப்பிரிக்காவின் மீதிருந்த தடையை 1963இல் நீக்கியதும் இதே ஃபிஃபாதான்.

நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைத்தவர்களும் இப்படித்தான் பேசினர். 'தேநீர் தர மறுக்கிறோமா? தருகிறோமே! வெளியே நின்று, தனிக் குவளையில் குடித்துக்கொள்' என்றனர். முழு மனிதனுக்கு அரை இடம். அந்த அரை இடத்தையும் அருள் என்று எண்ணிக் கைகூப்ப வேண்டும்!

ஆப்பிரிக்கர் கைகூப்பவில்லை. ஃபிஃபாவின் செயற்குழுவில் இடம் பெற்றிருந்த ஓஹெனே ஜான் எதிர்ப்புக் குரல் எழுப்பினார். எத்தியோப்பியாவின் டெசெமா தோள் கொடுத்தார். நிக்ரூமா பின்னின்றார். எங்கள் கண்டத்துக்கென்று ஒரு முழு இடம் தாருங்கள். இல்லையேல் ஆடோம் என்றனர். ஃபிஃபா இணங்கவில்லை. பெயர் கொடுத்திருந்த பதினைந்து ஆப்பிரிக்க அணிகளும் விலகின. ஃபிஃபா தண்டம் விதித்தது. ஒருவரும் திரும்பிச் செல்லவில்லை.

இந்த மறுப்பின் விலை என்ன என்று எண்ணிப் பாருங்கள். கானாவின் அணி அன்று கண்டத்திலேயே தலைசிறந்த அணி. இருமுறை தொடர்ந்து கோப்பை வென்ற அணி. போட்டியில் நுழைந்திருந்தால் உலகின் முன் தம் திறனைக் காட்டியிருக்கலாம். 1965இல் வென்ற அணியில் ஓசெய் கோஃபி போன்ற ஆட்டக்காரர்கள் இருந்தனர். உலகக் கோப்பையில் ஓர் ஆட்டமும் ஆடாமலே அந்தத் தலைமுறையின் ஆட்ட நாட்கள் முடிந்தன. விளையாட்டு வீரனுக்கு இளமை ஒருமுறைதான் வருகிறது. அந்த இளமையை அவர்கள் பின்வரும் தலைமுறைக்காகக் கொடுத்தனர்.

1966 போட்டியில் ஆசியாவின் சார்பில் வட கொரியா சென்றது. இரண்டு முறை உலகக் கோப்பை வென்ற இத்தாலியை ஒன்றுக்குச் சுழியம் என்று வீழ்த்தியது. 'ஆசியாவும் ஆப்பிரிக்காவும் இன்னும் பக்குவப்படவில்லை' என்ற வாதத்துக்கு அதுவே விடை. அதே போட்டியில் மிகுதியான கோல் அடித்தவர் யார்? யூசேபியோ, ஒன்பது கோல்கள். மொசாம்பிக்கில் பிறந்த கருப்பர். ஆனால் அவர் உடுத்தியிருந்தது போர்ச்சுகலின் உடை. மொசாம்பிக் அன்று போர்ச்சுகலுக்கு அடிமை. ஆப்பிரிக்காவின் கால்கள் வேண்டும், ஆப்பிரிக்காவின் கொடி வேண்டாம்! உழைப்பு வேண்டும், உழைப்பவன் பெயர் வேண்டாம் என்ற பழைய முறைதானே இது?

மறுப்பு வீண்போகவில்லை. 1970 உலகக் கோப்பையில் ஆப்பிரிக்காவுக்கென்று ஒரு முழு இடம் ஒதுக்கப்பட்டது. மொராக்கோ அந்த இடத்தில் ஆடியது. ஒன்று பின்னர் இரண்டாயிற்று, இரண்டு ஐந்தாயிற்று, 2026ஆம் ஆண்டுப் போட்டிக்கு ஒன்பது நேரடி இடங்கள் ஒதுக்கப்பட்டன. கானாவே 2006இல் முதன்முறை உலகக் கோப்பையில் ஆடியது. 2010இல், ஒரு காலத்தில் நிறவெறி கோலோச்சிய அதே தென்னாப்பிரிக்க மண்ணில், காலிறுதி வரை சென்றது.

நிக்ரூமாவைத் தெய்வமாக்க வேண்டிய தேவை நமக்கில்லை. 1964இல் கானாவை அவர் ஒரே கட்சி நாடாக்கினார். நாட்டிலுள்ள கழகங்களின் சிறந்த ஆட்டக்காரர்களைப் பிடுங்கித் தம் விருப்பத்திற்கென ஒரு கழகம் அமைத்தார்; மற்றக் கழகத்தார் மனம் புண்பட்டனர். 1966 பிப்ரவரியில் படையினர் அவரை ஆட்சியிலிருந்து இறக்கினர். குற்றம் குற்றமே. ஆயினும், அணியும் அதன் திறனும் ஒரு மனிதனின் அருளால் மட்டும் நின்றவை அல்ல என்பதற்கும் சான்று உண்டு: அவர் வீழ்ந்த பிறகும் 1968இலும் 1970இலும் ஆப்பிரிக்கக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை கானா சென்றது.

இப்போது இரண்டு மறுப்புகளையும் அருகருகே வையுங்கள்.

1950இல் இந்தியா மறுத்தது. முழு இடம் கிடைத்தும் மறுத்தது. மதிப்பு அறியாமல் மறுத்தது. 1966இல் கானா மறுத்தது. அரை இடம் என்பதால் மறுத்தது. மதிப்பை நன்கறிந்து மறுத்தது. முன்னதில் எவருக்கும் பயனில்லை. பின்னதில் ஒரு கண்டமே பயன் பெற்றது. முன்னது அசட்டை. பின்னதுதான் தன்மானம். இரண்டையும் ஒன்றாக்கி, அசட்டைக்குத் தன்மானத்தின் உடையைப் போர்த்துவதுதான் அந்த வெறுங்கால் கதை.

நம்மிடம் திறன் இல்லாமலா போயிற்று? 1951இல் தில்லியில் ஈரானை வென்று ஆசியப் போட்டியில் தங்கம். 1956இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். ஆத்திரேலியாவுக்கு எதிராக நெவில் டிசூசா மூன்று கோல்கள். 1960 உரோம் ஒலிம்பிக் அணியில் நம் தஞ்சையின் சைமன் சுந்தரராஜ் இடம் பெற்றார். 1962இல் சகார்த்தாவில் தென் கொரியாவை இரண்டுக்கு ஒன்று என்று வென்று மீண்டும் தங்கம். அந்த இறுதி ஆட்டத்தில் கோலைக் காத்து நின்றவர், நீலகிரி வெல்லிங்டனில் மதராசுப் படைப்பிரிவில் பணியாற்றி ஆட்டம் பழகிய பீட்டர் தங்கராஜ். அவரோடு ஜர்னைல் சிங், யூசுப் கான், சுனி கோஸ்வாமி, துளசிதாஸ் பலராம். கிறித்தவர், சீக்கியர், இசுலாமியர், இந்து என்று பிரித்துப் பார்ப்பவர் பார்க்கட்டும். பந்து அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. இவர்களைக் கட்டி வளர்த்தவர் ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராயிருந்த சையது அப்துல் ரகீம். புற்றுநோய் உடலை அரித்துக்கொண்டிருந்தபோதே அந்த வெற்றியைத் தேடித் தந்தார். மறு ஆண்டு மறைந்தார்.

இத்தகைய அணி இருந்தும், 1985இல்தான் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டங்களில் இந்தியா முதன்முதலாய் இறங்கியது. திறன் உச்சத்தில் இருந்த ஆண்டுகள் கண்மாய் நீர்போல் வற்றிப் போயின. நம்மை எவரும் தடுக்கவில்லை. நாமே கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே எவனோ பூட்டினான் என்று கதை சொல்லிக்கொண்டிருந்தோம்.

இராசபாளையத்து இளைஞனே, திருவில்லிபுத்தூர்த் தோழனே! அடுத்த முறை தேநீர்க் கடைப் பலகையில் அந்தக் கதை கிளம்பும்போது, 1952 என்ற ஓர் ஆண்டை மட்டும் நினைவூட்டு. அதன்பின் கானாவின் கதையைச் சொல். தன்மானம் என்பது வெறும் மறுப்பு அன்று. முதலில் உழைத்துத் தகுதி பெற்று, உரிமையின் அளவை அறிந்து, அதில் ஓர் அணுவும் குறையாமல் கேட்பது. கிடைக்காவிடின், இழப்பை ஏற்று மறுப்பது.

அத்தோடு உன் கண்மாய்த் தரையையும் ஒருமுறை பார். மேலத் தெருவுக்கு ஓர் அணி, கீழத் தெருவுக்கு ஓர் அணி, காலனிக்கு ஓர் அணி என்று பிரிந்து நிற்கிறீர்களா? அப்படியானால் ஃபிஃபா ஆப்பிரிக்காவுக்குச் செய்ததை நீங்கள் உங்களுக்குள்ளேயே செய்துகொள்கிறீர்கள். அந்தக் கற்களைப் பெயர்த்து, எல்லாத் தெருக்களுக்கும் பொதுவாக ஒரு திடல் அமையுங்கள். பதினொருவரில் எவன் எந்தத் தெரு என்று பார்ப்பவனுக்குத் தெரியக்கூடாது. பூட்ஸ் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.